பனி கொட்டும் நாளில் அடுப்பை நாமே மூட்டுவோம்

ரொறன்ரோ மாநகரில், தெற்கேயிருந்து ஏறிவரும் ஈரக்காற்றும் வடக்கேயிருந்து இறங்கிவரும் கடுங்குளிரும் ஒன்றையொன்று சந்திக்கின்ற குளிர்கால நாட்கள் சிலவற்றில், வானமும் பூமியும் ஒரே வெண்மையில் மறைந்து, எதிர்வீட்டு வாசல் விளக்குக்கூடக் கண்ணுக்குப் புலப்படாமல் போய்விடுவது உண்டு. அத்தகைய நாளில் மாகாண அரசும் நகரசபையும் வானொலியும் ஒரே குரலில் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: அத்தியாவசியமான காரியம் இல்லாவிட்டால் வெளியே புறப்படாதீர்கள். இந்தப் புத்திமதியை நாம் எல்லோரும் கேட்கிறோம். பெரும்பாலும் அநுசரிக்கவும் செய்கிறோம். ஆனால் வீட்டிலே இருந்தபடி அந்த நாளை எப்படிக் கழிப்பது என்பது பற்றி எவரும் நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. அதைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் ஒன்று உண்டு. பனிநாளில் வீட்டிலே இருப்பவர் தமக்கு வேண்டிய ஆகாரத்தைத் தாமே சமைக்க வேண்டும்; தாம் கால் வைக்க அஞ்சுகின்ற வீதியில் இன்னொருவரைத் தமக்காக வரவழைக்கக் கூடாது.

2022 ஜனவரி 17ஆம் தேதி இந்நகரில் இருந்தவர்கள் அந்த நாளை இலகுவில் மறந்திருக்க மாட்டார்கள். பெருந்தொற்றின் காரணமாகக் கணினித் திரையில் நடந்துகொண்டிருந்த வகுப்புகள் மீண்டும் பள்ளிக்கூடங்களில் ஆரம்பமாவதாக இருந்த தினம் அது. விடியற்காலையில் தொடங்கிய பனி மத்தியானம் வரையில் ஓயாமல் கொட்டி, சில பகுதிகளில் 55 சென்ரிமீற்றர் வரை குவிந்தது. டொன் வலி நெடுஞ்சாலையும் கார்டினர் நெடுஞ்சாலையும் மூடப்பட்டன. பஸ்கள் நடுவீதியில் அகப்பட்டு நின்றன. பள்ளிக்கூடங்கள் திறக்கப்படவே இல்லை. 1999ஆம் ஆண்டு ஜனவரியில் அப்போதைய நகரபிதா மெல் லாஸ்ற்மன் பனியை அகற்ற ராணுவத்தையே உதவிக்கு அழைத்த சம்பவம் முதியவர்களின் ஞாபகத்தில் அன்று மறுபடியும் எழுந்தது. அந்தப் பகல் முழுவதும் வீதியில் மனித நடமாட்டமே இல்லை என்று சொல்லிவிடலாம் என்றால், அதுதான் இல்லை. முழங்கால் மூழ்கும் பனியின் நடுவே, முதுகிலே சதுரமான பெரிய பையைச் சுமந்துகொண்டு, சைக்கிளை ஓட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் தள்ளிக்கொண்டு போன இளைஞர்களை அன்றும் கண்டோம். ஒருவர் வீட்டுக்குச் சூடான சாப்பாடு போய்க்கொண்டிருந்தது.

இந்த விஷயத்தைப் பற்றித் தமிழர்களாகிய நாம் பேசுவதற்கு விசேஷமான காரணம் இருக்கிறது. இலங்கையில் 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பின்னர் இந்த நாட்டை நோக்கி வந்தவர்கள் நாம். 1986 ஆகஸ்டில் 155 பேர் உயிர்காப்புப் படகுகளில் அத்திலாந்திக் சமுத்திரத்தில் விடப்பட்டு நியூபவுண்ட்லாந்து மீனவர்களால் மீட்கப்பட்டதைச் சரித்திரம் பதிவு செய்திருக்கிறது. விமானத்தில் வந்து இறங்கிய மற்ற ஆயிரக்கணக்கானவர்களின் முதற் குளிர்காலத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. வெல்லெஸ்லி வீதிக்கும் பார்லிமெண்ட் வீதிக்கும் அண்மையிலுள்ள அடுக்குமாடிக் கட்டடங்களில், ஓர் அறைக்குள் பலராகப் படுத்தெழும்பிய நம்முடைய பிள்ளைகளுக்கு முதலில் கிடைத்த உத்தியோகம் உணவுச்சாலையின் பின்கட்டில் கோப்பை கழுவுவதும், வெங்காயம் உரிப்பதும், விடியுமுன் பத்திரிகை போடுவதும், இரவிலே பீட்சா கொண்டுபோய்க் கொடுப்பதுமாகவே இருந்தது. உணவுச்சாலையின் பின்கதவைத் திறந்து குப்பைப் பையை வெளியே வைக்கும்போது முகத்தில் அறைகின்ற குளிர் எப்படிப்பட்டது என்பதை நம்மில் ஒரு தலைமுறை முழுவதுமே அறிந்திருக்கிறது. இன்று அதே பின்கதவில் காத்து நிற்பவர்கள் பஞ்சாபிலிருந்தும், கேரளத்திலிருந்தும், தமிழ்நாட்டிலிருந்தும், நமது யாழ்ப்பாணத்திலிருந்தும் படிக்க வந்த பிள்ளைகள். அவர்களுடைய முகத்தில் நம்முடைய பழைய முகத்தைக் காணாமல் இருப்பது எப்படி?

சென்ற குளிர்காலத்தில், பனி கனத்துப் பெய்த ஒரு மாலையில், நான் வசிக்கும் கட்டடத்தின் முன்மண்டபத்தில் அப்படிப்பட்ட ஒரு பையனைச் சந்தித்தேன். பேச்சைக் கேட்டதும் மதுரைப் பக்கத்துப் பிள்ளை என்று தெரிந்தது. கையுறையைக் கழற்றி வெப்பக்குழாயின் மேல் விரித்து வைத்துவிட்டு, விரல்களை மடக்கவும் நீட்டவும் முடியாமல் ஊதிக்கொண்டு நின்றான். அவனுடைய காலணியிலிருந்து உருகிய தண்ணீர் சிறு குளமாகத் தேங்கியிருந்தது. அதைத் தன் காலாலேயே ஒதுக்கித் துடைத்துவிட வேண்டும் என்று அவன் பிரயாசைப்பட்டான். "அண்ணா, அஞ்சு நிமிஷம் இங்க நின்னுக்கலாமா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?" என்று என்னைக் கேட்டான். "ஏன் தம்பி இப்பிடிக் கேக்கிறீர், மேல வாரும், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்றேன். அவன் வரவில்லை. அடுத்த அழைப்பு வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் கொண்டுவந்து கொடுத்தது ஒரு சிறிய பொட்டலம். அதனுள்ளே இருந்தது எதுவானாலும், அதைவிட நல்ல ஆகாரத்தை, அதை வரவழைத்த வீட்டிலிருந்த பருப்பையும் அரிசியையும் கொண்டே அரை மணி நேரத்தில் ஆக்கியிருக்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சமைப்பது சிரமம் என்று எண்ணுகிறவர்களுக்காகவே பனிநாள் ஏற்பட்டிருக்கிறது என்று நான் சொல்வேன். மற்ற நாட்களில் சமையலுக்கு விரோதியாக நிற்பது அவகாசமின்மை. வேலைக்கும், பிள்ளைகளின் வகுப்புக்கும், கோயிலுக்கும், கலியாண வீட்டுக்குமாக ஓடுகின்ற இந்த நகர வாழ்க்கையில் அடுப்படியில் நிதானமாக நிற்க எவருக்கு நேரம் இருக்கிறது? பனி வந்து எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்ட நாளிலோ நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. அடுப்பில் நெடுநேரம் கொதிக்க வேண்டிய பதார்த்தங்களுக்கு அதைவிட உத்தமமான நாள் வேறில்லை. அடுப்பின் வெப்பம் வீட்டுக்கும் உதவுகிறது. ஜன்னற் கண்ணாடியில் ஆவி படிந்து, கறிவேப்பிலையும் பெருஞ்சீரகமும் தாளித்த வாசனை படிக்கட்டு வரை பரவியிருக்கும் வீட்டில், வெளியே எத்தனை பாகை குளிர் என்று யாரும் கேட்பதில்லை. செத்தல் மிளகாயைத் தாளிக்கும்போது மட்டும் புகை எச்சரிக்கை மணி அலறாதபடி விசிறியைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஜன்னலைத் திறக்க இயலாத நாள் அல்லவா?

எல்லாவற்றிலும் எளிதான மைசூர்ப் பருப்பிலிருந்தே தொடங்கலாம். ஸ்காபரோவிலுள்ள நமது கடைகளில் மூட்டையாக அடுக்கி வைத்திருக்கும் இந்தப் பருப்பைக் கண்டால் ஊரிலிருந்து கப்பலில் வந்தது என்றே பலர் நினைப்பார்கள். பிரயாணத்தின் திசை நேர்மாறானது. சஸ்காச்சுவான் மாகாணத்துச் சமவெளிகளில் விளைந்து, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறும் பருப்பு இது. 1970ஆம் ஆண்டுக்கு முன்னர் அந்த வயல்களில் பருப்பு என்பது அநேகமாக அறியப்படாத பயிர். சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி அல்பிரட் ஸ்லிங்கார்ட் அங்குள்ள குறுகிய கோடைக்குப் பொருந்தும் இனங்களைத் தேர்ந்தெடுத்து, 1978இல் 'லெயார்ட்' என்ற இனத்தையும், 1980இல் 'எஸ்ரன்' என்ற இனத்தையும் விவசாயிகளின் கையில் கொடுத்தார். அவை பச்சை இனங்கள். சிவப்பு இனங்கள் பின்னர் பெருகின. இன்று உலகச் சந்தையில் இந்தப் பருப்பை மிகுதியாக ஏற்றுமதி செய்யும் தேசம் கனடா. யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தி சோற்றுக்குப் பருப்புக்கறி வைக்கும்போது அவள் கழுவுகின்ற பருப்பு, வருஷத்தில் பாதிக் காலம் பனியில் புதைந்து கிடக்கும் நிலத்திலிருந்து போயிருக்கக் கூடும். ஆகவே பனி பெய்யும் கனடாவில் பருப்பை அவிய வைத்து, பச்சை மிளகாயும் வெங்காயமும் மஞ்சளும் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு இறக்குகிறவர், அந்நியமான எதையும் இந்த மண்ணில் திணிக்கவில்லை. இந்த மண் விளைவித்ததையே உண்கிறார்.

ஆனால் பனிநாளுக்கென்று நான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் ஒடியற் கூழைத்தான் சொல்வேன். குளிரே இல்லாத கடற்கரைக் கிராமங்களில் பிறந்த பதார்த்தம், உலகத்தின் மறுகோடியில் உறைபனிக்கு இத்தனை இசைவாக இருப்பது எனக்கு எப்பொழுதுமே ஆச்சரியமான விஷயம். அதற்கு வேண்டியவை அத்தனையும் இன்று இங்கே கிடைக்கின்றன. பனங்கிழங்கைப் பச்சையாகவே கிழித்து வெயிலில் காயவிட்டு இடித்த ஒடியல் மா பொட்டலத்தில் வருகிறது. பலாக்கொட்டையும், மரவள்ளிக் கிழங்கும், பயற்றங்காயும், முருங்கை இலையும் உறைந்த நிலையில் கிடைக்கின்றன. நண்டும் இறாலும் மீன்தலையும் அப்படியே. பனிப்புயல் வருவதாக வானிலை நிலையம் முதல் நாளே அறிவித்துவிடுகிறபடியால், இவற்றை வாங்கி வைத்துக்கொள்ள அவகாசமும் உண்டு.

கூழ் காய்ச்சுகிறவர் முதலிலே செய்ய வேண்டிய காரியத்தைப் பலர் அலட்சியம் செய்துவிடுகிறார்கள். ஒடியல் மாவை நீரில் கரைத்து வைத்து, மா அடியில் படிந்தபின் மேலே நிற்கும் நீரைச் சரித்து ஊற்றிவிட வேண்டும். ஒரு முறையோடு நில்லாமல் மறுபடியும் நீர் விட்டு, மறுபடியும் வடிக்க வேண்டும். பச்சைக் கிழங்கிலுள்ள கைப்பும், உடம்புக்கு ஒவ்வாத தன்மையும் அந்த நீரோடு போய்விடுகின்றன. என்னுடைய சின்னம்மா இந்த வேலையைப் பிறர் கையில் விடுவதே இல்லை. பாத்திரத்தை ஒரு பக்கம் மெல்லச் சாய்த்து, விளிம்பிலே விரலை வைத்துக்கொண்டு, மாவின் ஒரு துகள்கூட ஓடிவிடாதபடி கலங்கல் நீரை மட்டும் நூலாக இறக்கி முடிக்கும் வரையில் வாய் திறக்க மாட்டார். முடிந்ததும் நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, "இன்னும் கைக்குது, இன்னொருக்கா ஊத்துங்கோ" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக வீடு முழுவதும் காத்திருக்கும்.

அதற்குப் பிறகு பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு பிடி அரிசியும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் முதலில் போட வேண்டும், அவை பாதி வெந்ததும் மரவள்ளிக் கிழங்கு, பின்பு மீன்தலை, கடைசியாக நண்டும் இறாலும். எல்லாம் வெந்து ஒன்றோடொன்று உறவாகிய பிறகு, செத்தல் மிளகாயையும் மிளகையும் மஞ்சளையும் அரைத்த கூட்டும், பழப்புளிக் கரைசலும், வடித்து வைத்த ஒடியல் மாவும் சேர்ந்து உள்ளே இறங்குகின்றன. அந்தக் கட்டத்தில் அகப்பையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கட்டிபட்டுவிடும். கூழ் தடித்து, நெற்றி வியர்க்கின்ற காரமும் நாக்கைச் சுண்டுகின்ற புளிப்புமாகப் பானையின் நடுவில் மெதுவாகக் குமிழி விடும்போது முருங்கை இலையைத் தூவி இறக்கிவிட வேண்டும். ஊரிலே பிலாவிலையைக் கோலிக் குடிப்பார்கள். இங்கே கிண்ணமே கதி. அதனால் ருசி ஒன்றும் குறைந்துவிடுவதில்லை. தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு குடிக்கும் அந்தக் கூழ் தொண்டையில் இறங்கும்போது, கம்பளிச் சட்டைகளால் ஆகாத காரியம் உடம்புக்குள்ளே ஆகிறது.

கூழின் இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். அதை ஒருவருக்காகக் காய்ச்ச முடியாது. பானை பெரிது, சேர்மானம் பலவகை, குடிக்க ஆள் வேண்டும். மாடியில் இருப்பவர்களும், பேஸ்மன்ரில் வாடகைக்கு இருக்கும் மாணவர்களும், பனி வழிக்க முடியாமல் அடைந்து கிடக்கும் அயல்வீட்டுக் கிழவனும் கிழவியும் எல்லோரும் சேர்ந்தால்தான் பானை காலியாகும். ஊரிலும் கூழ் காய்ச்சும் நாள் அப்படித்தான் உற்றாரும் அயலாரும் கூடும் நாளாக இருந்தது. பனிப்புயல் அடித்த மறுநாள் ஒரு முதியவர் தனியே இறந்து கிடந்தார் என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம், அந்தக் கட்டடத்தில் யாராவது ஒரு வீட்டில் கூழ் காய்ச்சியிருந்தால் அவரைத் தேடிப் போயிருப்பார்களே என்ற எண்ணம் எனக்கு உண்டாவதைத் தவிர்க்க முடிவதில்லை.

இந்த நாட்டில் நமக்கு முன்னர் வாழ்ந்தவர்கள் குளிர்காலத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தாலும் இதே கிரமத்தையே காண்கிறோம். ஸ்காபரோவில் ரேபர் ஹில் என்னும் மேட்டில் 1956இல் மண் அகழ்ந்தபோது ஆதிக்குடிகளின் பெரிய கூட்டுப் புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. 14ஆம் நூற்றாண்டளவில் இங்கே ஊர் அமைத்து வாழ்ந்த மக்களுடையது அது. நாம் இன்று வீடு வாங்கிக் குடியிருக்கும் இதே நிலத்தில், நீண்ட மரவீடுகளில் பல குடும்பங்கள் ஒன்றாக வாழ்ந்து, சோளமும் அவரையும் பூசணியும் ஒரே வயலில் பயிரிட்டு, உலர்த்திச் சேமித்த சோளத்தைக் குளிர்காலத்தில் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தவர்கள் அந்த இனத்தார். பின்னர் வந்த பிரெஞ்சுக் குடியானவர்கள் கியூபெக்கில் உலர்ந்த மஞ்சட் பட்டாணியையும் உப்பிட்ட பன்றி இறைச்சியையும் நாள் முழுவதும் அடுப்பில் வைத்துப் பட்டாணி சூப் ஆக்கினார்கள். இன்றும் அது அந்த மாகாணத்தின் பிரசித்தமான குளிர்கால உணவு. கோடையில் உலர்த்தி வைத்த தானியம், நீர், நெடுநேரம் எரியும் நெருப்பு, சுற்றி உட்கார ஒரு குடும்பம்: இவற்றைக் கொண்டுதான் இந்தக் கொடுங்குளிரை மனிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வென்றார்கள். பனங்கிழங்கை உலர்த்திய நம் பாட்டிமாருக்கும், சோளத்தை உலர்த்திய அந்தப் பாட்டிமாருக்கும் புத்தி ஒரே வழியில்தான் சென்றிருக்கிறது.

தைப்பொங்கலும் இந்த நாட்டிலே பனியின் உச்சகாலத்தில்தான் வருகிறது. ஒன்ராறியோ மாகாணம் 2014இலும், மத்திய நாடாளுமன்றம் 2016இலும் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக அங்கீகரித்ததற்கு இப்பண்டிகையும் ஒரு காரணம். முற்றத்தில் கோலமிட்டு, மூன்று கல்லை வைத்து, கிழக்கே பார்த்துப் பொங்கிய மக்கள், இங்கே மின்சார அடுப்பின் மேல் பானையை வைத்து, பால் எந்தத் திசையில் வழிகிறது என்று பார்த்து நிற்கிறார்கள். சூரியனோ அன்று மேகத்துக்குப் பின்னால் இருக்கிறான். ஆனாலும் பால் பொங்குகிறது. பிள்ளைகள் ஆரவாரம் செய்கிறார்கள். சம்பிரதாயம் என்பது முற்றம் இல்லாமற் போனாலும் அடுப்பு இருக்கும் வரை பிழைத்திருக்கும் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சான்று வேண்டியதில்லை.

சமைப்பது யார் என்ற கேள்வியை இங்கே ஒளிக்காமல் கேட்டுவிட வேண்டும். பனிநாள் விடுமுறை என்று ஆண்கள் போர்வைக்குள் சுருண்டிருக்க, பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டுப் பெண் ஒருத்தி மட்டும் காலையிலிருந்து இரவு வரை பலகாரமும் கறியுமாகச் சமைத்துக்கொண்டு நிற்பாளானால், அது அவளுக்குப் பனிநாளே அல்ல. மற்ற நாட்களைக் காட்டிலும் பாரமான வேலைநாள். வீதியில் ஒரு பையன் படுகிற கஷ்டத்தை அடுப்படியில் ஒரு தாயின் மேல் மாற்றி வைத்துவிட்டு நாம் தர்மம் பேசக் கூடாது. ஆண்கள் மீனை வெட்டட்டும், தேங்காயைத் துருவட்டும், அகப்பையைப் பிடிக்கட்டும். இந்நகரத்து உணவுச்சாலைகளில் தமிழ் ஆண்கள் இத்தாலியப் பாஸ்தாவும் பிரெஞ்சுக் குழம்பும் திறமையாகச் செய்து பெயர் வாங்கியிருக்கிறார்களே. சொந்த வீட்டில் கூழ் காய்ச்சுவது அவர்களுக்கு ஒரு பொருட்டா? பிள்ளைகளும் பக்கத்தில் நிற்கட்டும். பலாக்கொட்டையின் தோலை உரிக்கச் சொல்லி ஒரு கிண்ணத்தைக் கொடுத்தால், பத்து வயதுப் பிள்ளை அதை உரித்துக்கொண்டே, பலாமரம் எத்தனை உயரம், நீங்கள் ஏறினீர்களா என்றெல்லாம் கேட்கத் தொடங்கிவிடும். வாரந்தோறும் தமிழ் வகுப்புக்கு அனுப்பியும் வாயிலே வராத சொற்கள் அந்த ஒரு பிற்பகலில் வந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

பனிநாளில் அவசரப்படாமல் வீட்டுக்குள்ளே இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இது உயிர் சம்பந்தப்பட்டது. கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான ஆஸ்பத்திரிப் பதிவுகளையும் மரணப் பதிவுகளையும் பரிசோதித்து 2017இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, 20 சென்ரிமீற்றர் பனி பெய்த மறுநாளில் ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் அபாயம் சாதாரண நாளைக் காட்டிலும் சுமார் 34 சதவீதம் அதிகம் என்று காட்டுகிறது. குளிரில் சுருங்கிய இரத்தக் குழாய்களோடு கனத்த பனியை வாரி எறிவதே இதற்குக் காரணமாயிருக்க வேண்டும் என்பது வைத்தியர்களின் கருத்து. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம்மவர்களிடையே மிகுந்திருக்கின்ற ஸ்திதியில், வாசற்பனியை வேலைக்கு முன்னரே வழித்துத் தள்ளிவிட வேண்டும் என்று விடியற்காலையில் மண்வெட்டியோடு இறங்குகின்ற ஐம்பது வயது அண்ணன்மார் சற்று நிதானிக்க வேண்டும். நகரசபை வண்டி வந்து வீதியை வழித்துவிட்டுப் போகும்போது உங்கள் வாசலின் குறுக்கே வயல்வரம்பு போல ஒரு பனிமேட்டை எப்படியும் போட்டுவிட்டுத்தான் போகும். அதுவரை உள்ளே இருந்து ஒரு கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டு, பிறகு சிறிது சிறிதாக வழிக்கலாம்.

மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2013 டிசம்பரில் உறைமழை பெய்து மரக்கிளைகள் கண்ணாடியாய்க் கனத்து முறிந்து விழுந்தபோது, ரொறன்ரோவில் ஏறக்குறைய மூன்று லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. சிலர் நத்தாரையே இருளில் கழித்தார்கள். அந்த நாட்களில் வெளிமுற்றத்துக் கரியடுப்பை வீட்டுக்குள்ளே கொண்டுவந்து மூட்டியதனால் காபன் மொனொக்சைட் வாயுவுக்கு ஆளானவர்கள் பலர். வாசனையோ நிறமோ இல்லாத அந்த வாயு ஆளை உறக்கத்திலேயே கொன்றுவிடும். எக்காரணத்தை முன்னிட்டும் கரியடுப்பையும், முகாமுக்குக் கொண்டுபோகும் எரிவாயு அடுப்பையும் வீட்டுக்குள்ளே ஏற்ற வேண்டாம். முன்கூட்டியே சமைத்து வைத்தவர்களுக்கு அந்தத் தேவையும் வராது.

நான் சொல்வதற்கு நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நாம் எல்லோரும் பனிநாளில் வெளிச்சாப்பாட்டை நிறுத்திவிட்டால், சாப்பாடு சுமந்து பிழைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு அன்றைய வருமானம் போய்விடாதா? வாடகைக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் அவர்கள் எங்கே போவார்கள்? இதை நான் அலட்சியமாக ஒதுக்கவில்லை. அவர்களுடைய ஜீவனம் எவ்வளவு நிச்சயமற்றது என்பதைச் சட்டத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். செயலி வழியாக வேலை செய்வோருக்காக ஒன்ராறியோ சட்டசபை 2022இல் நிறைவேற்றிய சட்டம் 2025 ஜூலை 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதிலும், ஒரு வேலையை ஏற்றுக்கொண்ட நேரம் முதல் அதை முடிக்கும் நேரம் வரைக்குமே குறைந்தபட்சச் சம்பளம். அடுத்த அழைப்புக்காகக் குளிரில் காத்து நிற்கும் நேரத்துக்கு ஒரு சதமும் இல்லை. லித்தியம் மின்கலம் பொருத்திய சைக்கிளைக் குளிர்கால மாதங்களில் சுரங்க ரயிலில் ஏற்றவும் இந்நகரில் அநுமதியில்லை; பனியிலே அகப்பட்ட பையன் அதைத் தள்ளிக்கொண்டுதான் வீடு சேர வேண்டும். காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும் என்று நமது சட்டசபை உறுப்பினர்களிடம் நாம் வற்புறுத்துவது அவசியம். கடும் வானிலை எச்சரிக்கை விடப்பட்ட நேரத்தில் இந்தச் சேவைகளை நிறுத்தி, அன்றைய வருமானத்தில் ஒரு பங்கையாவது நிறுவனங்கள் ஈடு செய்ய வேண்டும் என்பதும் என்னுடைய கருத்து. அதுவரை, வெயில் அடிக்கிற நாளில் வரவழையுங்கள்; அன்றைக்குக் கை நிறைய வெகுமதி கொடுங்கள். ஒருவருடைய வறுமை அவரைப் புயலுக்குள் துரத்துகிறது என்பதற்காக, அந்தத் துரத்தலை நாம் உபகாரம் என்று பெயரிட்டு அழைக்கலாகாது.

சமைக்கவே இயலாதவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. பிரசவித்து வந்த பெண், கை நடுங்கும் வயோதிகர், இரவு வேலை முடித்துப் படுக்கையில் விழுந்த தாதி, இவர்கள் வெளிச்சாப்பாட்டை அழைப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களுக்கு நெடுந்தொலைவிலிருந்து சைக்கிளில் ஒருவர் சாப்பாடு கொண்டுவர வேண்டிய நிர்ப்பந்தம் ஏன் ஏற்பட வேண்டும்? அடுத்த கதவுக்குள்ளே பானை கொதித்துக்கொண்டிருக்கிறது. மூடியிட்ட பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு நடைபாதையில் சில அடி நடந்தால் போதும்.

ஆகவே தமிழ் வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது இது. அடுத்த பனிப்புயல் எச்சரிக்கை வந்ததும், முதல் நாள் மாலையிலேயே கடைக்குப் போய் வாருங்கள். அரிசி, பருப்பு, கொத்தமல்லி, இஞ்சி, ஒடியல் மா, முடிந்தால் ஒரு நண்டுப் பொட்டலம் வாங்கி வையுங்கள். மறுநாள் பெரிய பானையை அடுப்பில் ஏற்றுங்கள். உங்கள் மாடியில் தனியே இருப்பவர் எவர் என்று விசாரித்து அவருக்கு ஒரு கிண்ணம் அனுப்புங்கள். அன்று மட்டுமாவது கைபேசியை எடுத்து யாரையும் உங்கள் வாசலுக்கு வரவழைக்காதீர்கள். அப்படியும் யாரேனும் ஒரு பிள்ளை பையைச் சுமந்துகொண்டு உங்கள் கட்டடத்து வாசலில் நின்றால், கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு, அவன் மறுக்குமுன் கூழை ஊற்றிக் கையில் கொடுத்துவிடுங்கள்.